வரவுக்குள்தான் செலவு என்று அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கலை ஒட்டி எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. "மத்திய அரசு ஒவ்வோர் ஆண்டும் வரவுக்குள்தான் செலவு செய்ய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டுமா, வேண்டாமா?" என்பது தலைப்பு. வேண்டும் என்று பேசிய கல்லூரிப் பிள்ளைக்குத்தான் கைதட்டல் அதிகம். வட்டிக்கு வாங்கிப் படகையே பறிகொடுத்த குடும்பங்களை அவன் சொன்னதும் பாதிக் கூட்டம் அவன் பக்கம் வந்துவிட்டது.

நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறவள். அன்றிலிருந்து கடல்பாசி எடுத்துவிட்டுக் கரையேறும் பெண்கள், ஏலக்கூடத்தில் நிற்பவர்கள், ராமநாதபுரம் பேருந்தில் பக்கத்தில் உட்காரும், அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று எல்லோரும் இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. அக்கா, நம்ம குழுவுல வரவுக்கு மேல செலவு எழுத விடமாட்டீங்க. கவர்மெண்டுக்கு மட்டும் ஏன் விடணும்?

நம் குழுவும் வரவுக்கு மேல் செலவு செய்திருக்கிறது. பாசி வளர்க்க மூங்கில் மிதவை கட்டிய வருடத்தை நினைத்துப் பாருங்கள். சந்தாவும் வட்டியும் சேர்ந்து வந்த வரவு கொஞ்சம். மிதவைக்கும் கயிறுக்கும் ஆன செலவு அதைப் போலப் பல மடங்கு. வங்கிக் கடனை வாங்கித்தான் ஈடுகட்டினோம், பாசி விற்றுத் தவணை கட்டினோம். "கடனைச் சேர்க்காமல், அந்தந்த வருட வரவுக்குள் செலவு" என்று ஒரு விதி இருந்திருந்தால் நமக்கு மிதவையே கிடையாது.

நான் விடாதது வேறு இரண்டு. தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் பணம் எடுப்பதை விடமாட்டேன். காதுகுத்துக்குக் குழுக் கடனை எடுத்துவிட்டு "தொழிலுக்கு" என்று எழுதச் சொன்னால் எழுதமாட்டேன். அரசிடமும் நாம் கேட்க வேண்டியது இந்த இரண்டையும்தான் என்பது என் எண்ணம். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

2. நிதிப் பற்றாக்குறைங்கிறாங்க, வருவாய்ப் பற்றாக்குறைங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இந்த வித்தியாசம் பிடிபடாவிட்டால் மற்ற எதுவும் பிடிபடாது. 2025-26 மத்திய பட்ஜெட்டை எடுத்துக்கொள்வோம். போட்ட செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். கடனைத் தவிர்த்து வரும் என்று கணக்கிட்ட வரவு 34.96 லட்சம் கோடி. இடைவெளி 15.69 லட்சம் கோடி. இதுதான் நிதிப் பற்றாக்குறை, அதாவது அந்த ஆண்டு வாங்க வேண்டிய கடன். பத்து ரூபாய் செலவில் மூன்று ரூபாய்க்குச் சற்று மேல் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வருவாய்ப் பற்றாக்குறை என்பது அன்றாடப் பாட்டுக்கே வரவு போதாமல் போவது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற செலவுகள் வரி முதலான வருமானத்தைத் தாண்டினால் அந்த மிச்சம் வருவாய்ப் பற்றாக்குறை. அதே பட்ஜெட்டில் அது 5.24 லட்சம் கோடி. ஆக வாங்கும் கடனில் மூன்றில் ஒரு பங்கு மிதவைக்குப் போகவில்லை, அரிசிக்குப் போகிறது. எனக்குக் கவலை தருவது இந்த மூன்றில் ஒரு பங்குதான்.

3. அரசமைப்புச் சட்டத்துல இப்ப இதப்பத்தி ஒண்ணுமே இல்லையா?

இருக்கிறது. 112-ஆவது பிரிவு ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்கிறது. 292-ஆவது பிரிவு, தொகுப்பு நிதியை, அதாவது வரியும் கடனும் வந்து சேரும் அரசின் கஜானாவை, ஈடாகக் காட்டி மத்திய அரசு கடன் வாங்கலாம், ஆனால் நாடாளுமன்றம் சட்டம் போட்டு வரம்பு வைத்தால் அந்த வரம்புக்குள் வாங்க வேண்டும் என்கிறது. வரம்பு வைத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. வைக்கலாம் என்று விட்டிருக்கிறது.

1949-இல் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, நாடாளுமன்றம் இந்தக் கடமையைச் செய்யும் என்று எதிர்பார்ப்பதாக அம்பேத்கர் சொன்னார். அதற்கென்று ஒரு சட்டம் வர 2003 வரை ஆனது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1947 நவம்பர் 26 அன்று ஆர்.கே. சண்முகம் செட்டியார் வைத்த சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டே பற்றாக்குறை பட்ஜெட்தான். வரவு சுமார் 171 கோடி, செலவு சுமார் 197 கோடி.

4. நிதிப் பொறுப்புச் சட்டம்னு பரீட்சைக்குப் படிச்சோமே, அது என்னாச்சு?

2003-இல் நிறைவேறி 2004 ஜூலை 5 முதல் நடைமுறைக்கு வந்தது. வருவாய்ப் பற்றாக்குறையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், நிதிப் பற்றாக்குறையை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்பவை அதன் இலக்குகள். 2007-08-இல் நிதிப் பற்றாக்குறை 3 சதவீதத்துக்குக் கீழே வந்தது. அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி, எல்லாம் தள்ளிப்போனது. வருவாய்ப் பற்றாக்குறை பூஜ்யம் என்ற இலக்கை ஒருமுறைகூட எட்டவில்லை.

2018-இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த வருவாய்ப் பற்றாக்குறை இலக்கையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக 2024-25-க்குள் மத்திய அரசின் கடன் மொத்த உற்பத்தியில் 40 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்று வைத்தார்கள். அதுவும் நடக்கவில்லை. இப்போது 56 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 2031 மார்ச்சுக்குள் 50 சதவீதத்துக்குக் கொண்டுவருவோம், ஒன்று கூடலாம் குறையலாம் என்பது 2025 பட்ஜெட்டில் சொன்ன புது இலக்கு.

5. அப்ப அந்தப் பையன் சொன்னது சரிதானே? சாதாரணச் சட்டத்தை இஷ்டத்துக்கு மாத்துறாங்க. அரசமைப்புலயே எழுதிட்டா மாத்த முடியாதுல்ல?

அவன் வாதத்தின் பலமான இடம் இது. சாதாரணச் சட்டத்தை, பட்ஜெட்டோடு வரும் நிதி மசோதாவோடு சேர்த்தே மாற்றிவிடலாம், பாதிக்கு மேல் ஒரு வாக்கு இருந்தால் போதும். அரசமைப்பை மாற்ற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எனவே கட்டு இறுகும் என்பது உண்மை.

இறுகிய கட்டு எதைக் கட்டுகிறது என்பதுதான் மீதிக் கேள்விகள்.

6. அமெரிக்காவுல இப்படித் திருத்தம் இருக்குன்னு பேசினானே, நிஜமா?

நாட்டு அரசுக்கு இல்லை. பலமுறை முயன்று தோற்றிருக்கிறார்கள். 1982-இல் செனட் சபை நிறைவேற்றியது, பிரதிநிதிகள் சபையில் தோற்றது. 1995-இல் பிரதிநிதிகள் சபை 300-க்கு 132 என்று நிறைவேற்றியது, செனட்டில் தோற்றது. 1997-இல் செனட்டில் கிடைத்தது 66 வாக்கு, தேவைப்பட்டது 67. ஒரே ஒரு வாக்கு. 2011-லும் 2018-லும் மறுபடி கொண்டுவந்து தோற்றார்கள். இரு அவைகளும் நிறைவேற்றினாலும் 50 மாநிலங்களில் 38 ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறு. 1997-இல் திருத்தம் தோற்றது. 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் அந்த நாட்டின் பட்ஜெட்டில் உபரி. திருத்தம் இல்லாமலேயே வந்த உபரி. வரி வருமானம் கூடியதும், செலவைக் கட்டுக்குள் வைக்க இரு கட்சிகளும் இசைந்ததும் காரணம்.

7. ஆனா அங்க மாநிலங்களுக்கு இருக்காமே?

வெர்மான்ட் தவிர 49 மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது அன்றாடச் செலவுக்குத்தான். சாலை, பாலம், பள்ளிக் கட்டடம் என்றால் பத்திரம் வெளியிட்டுத் தனியாகக் கடன் வாங்குவார்கள். அவர்களும் மிதவையை வேறு பக்கத்திலும் அரிசியை வேறு பக்கத்திலும் எழுதுகிறார்கள். நெருக்கடி வந்தால் டாலரை வெளியிடும் நாட்டு அரசு கடன் வாங்கி மாநிலங்களுக்குக் கொடுக்கிறது. நாட்டு அரசையும் கட்டிவிட்டால் அந்தக் கை இல்லை.

8. உண்மையிலேயே அரசமைப்புல எழுதின நாடு எது? அங்க எப்படிப் போகுது?

உதாரணத்துக்கு ஜெர்மனி. 2009-இல் எழுதினார்கள். பொருளாதார ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மத்திய அரசின் கடன் ஆண்டுக்கு மொத்த உற்பத்தியில் 0.35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாநிலங்களுக்கு 2020 முதல் அதுவும் கிடையாது. கடனுக்குப் போட்ட பிரேக் என்றே அதற்குப் பெயர். அதனால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் அவர்கள் கடன் நன்றாகக் குறைந்தது. அதே ஆண்டுகளில் ரயில் பாதை, பாலம், பள்ளிக் கட்டடம் எல்லாம் பராமரிப்பில்லாமல் பின்தங்கின என்ற புகாரும் வலுத்தது.

கொரோனாவுக்கென்று ஒதுக்கிய கடன் அனுமதியில் பயன்படாமல் கிடந்த 6,000 கோடி யூரோவைப் பருவநிலைத் திட்டங்களுக்கு மாற்றினார்கள். 2023 நவம்பர் 15 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. பட்ஜெட்டில் பெரிய ஓட்டை விழுந்தது. அதை எப்படி அடைப்பது என்ற சண்டையில் 2024 நவம்பரில் பிரதமர் ஷோல்ஸ் நிதியமைச்சரை நீக்கினார், கூட்டணி ஆட்சி உடைந்தது.

2025 மார்ச்சில் அரசமைப்பையே திருத்தினார்கள். பாதுகாப்புச் செலவில் மொத்த உற்பத்தியில் 1 சதவீதத்துக்கு மேல் போவது கணக்கில் வராது, உள்கட்டமைப்புக்கு 50,000 கோடி யூரோ தனி நிதி, மாநிலங்களுக்கும் 0.35 சதவீதம் என்று கட்டைத் தளர்த்தினார்கள். புதிய நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் முடிந்திருந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு சேராது என்பதால், பழைய உறுப்பினர்களைக் கூட்டியே நிறைவேற்றினார்கள். 5-ஆம் கேள்வியில் "மாத்த முடியாதுல்ல" என்று கேட்டீர்கள். மாற்ற முடியும். அதற்கு ஓர் ஆட்சி கவிழ வேண்டியிருந்தது.

9. ஒவ்வொரு வருசமும் சமமா இருக்கணும்னு இல்லாம, நல்ல வருசம் கெட்ட வருசம் பார்த்து ஒரு விதி போட முடியாதா?

முடியும். ஸ்விட்சர்லாந்து அதைத்தான் செய்தது. 2001 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பு. ஏறத்தாழ 85 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2003 முதல் நடப்பில் இருக்கிறது. பொருளாதாரம் நன்றாக ஓடும் ஆண்டில் செலவு வரவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மந்தமான ஆண்டில் கொஞ்சம் கூடலாம். வித்தியாசத்தை ஒரு தனிக் கணக்கில் எழுதி, பள்ளம் விழுந்தால் பிற்பாடு நிரப்ப வேண்டும்.

நம் கரையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீன் படும் மாதங்களில் 1,500 ரூபாய் கட்டுகிறோம். மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்க்கின்றன. மழைக்காலத்தில் தொழில் இல்லாதபோது 4,500 ரூபாயாகக் கைக்கு வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் எந்த விசைப்படகுக் குடும்பமாவது அந்த இரண்டு மாத வரவுக்குள் அந்த இரண்டு மாதச் செலவை அடக்க முடியுமா? வருடத்தை மொத்தமாகப் பார்த்தால்தான் குடும்பம் நடக்கும். நாட்டுக்கு அந்த "வருடம்" ஐந்தாறு ஆண்டு நீளம், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. இது நல்ல மாதத்தில் கட்டுகிறவர்களுக்குத்தான் பலிக்கும். மீன் பட்டபோது கட்டாதவருக்கு மழையில் கிடைக்காது. நம் அரசுகள் நல்ல ஆண்டுகளில் கட்டுவதில்லை என்பதே என் மனக்குறை.

10. இலங்கை கடன்ல விழுந்ததை நாம கண்ணால பார்த்தோம். அவங்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தா தப்பிச்சிருப்பாங்கள்ல?

சட்டம் இருந்தது. நம் நிதிப் பொறுப்புச் சட்டம் வந்த அதே 2003-இல் அவர்களும் ஒன்று போட்டார்கள். பற்றாக்குறையை 5 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும், கடனைக் குறைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எட்ட முடியாதபோதெல்லாம் வரம்பைத் திருத்தித் தள்ளிவைத்தார்கள். 2019 கடைசியில் வரிகளை ஒரேயடியாகக் குறைத்தார்கள். கொரோனாவில் சுற்றுலா நின்றது. டாலரில் வாங்கிய கடனைக் கட்ட டாலர் இல்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள்.

அதற்கு முந்தைய மாதமே அரிச்சல்முனைப் பக்கம் படகில் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். கைக்குழந்தையோடு மணல்திட்டில் நின்ற பெண்களை இந்தத் தீவில் யாரும் மறக்கவில்லை. மண்டபம் அகதிகள் முகாமுக்கு அவர்களை அழைத்துப் போனபோது எங்கள் குழுவினர் பால்பவுடரும் ரொட்டியும் கொண்டு போனோம். அவர்கள் ஊரில் அவையிரண்டும் கிடைக்காமல் போயிருந்தன. கடன் கணக்கு வெறும் கணக்கு இல்லை என்று நான் நம்பத் தொடங்கியது அன்றுதான்.

நாம் அவர்களைப் போல விழுவோமா என்று அடுத்தபடியாகக் கேட்பார்கள். நம் மத்திய அரசின் கடனில் மிகப் பெரும்பகுதி உள்நாட்டில், ரூபாயில், வங்கிகளிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் சேமநல நிதிகளிடமும் வாங்கியது. எனவே அதே வழியில் விழ மாட்டோம். அதற்காகக் கவலை இல்லை என்று ஆகாது. 19-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

11. கொரோனா மாதிரி ஒண்ணு வந்தா அப்ப மட்டும் விலக்கு கொடுத்துக்கலாம்ல?

இப்படிப்பட்ட வரைவுகளில் பொதுவாக விலக்கு இருக்கும். அமெரிக்க வரைவுகளில் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு வாக்கெடுத்தால் மீறலாம். வாக்கெடுக்க அவை கூட வேண்டுமே. 2020-இல் நம் நாடாளுமன்றம் மார்ச் 23 அன்று ஒத்திவைக்கப்பட்டது. மறுபடி கூடியது செப்டம்பர் 14. ரேஷனில் ஆளுக்கு 5 கிலோ தானியம் இலவசம் என்ற அறிவிப்பு வந்தது மார்ச் 26. நடுவில் யார் வாக்களித்திருப்பார்கள்? அந்த ஆண்டு பற்றாக்குறை 3.5 சதவீதம் என்று பட்ஜெட் போட்டிருந்தார்கள், 9 சதவீதத்தைத் தாண்டியது. செலவு கூடியது ஒரு பக்கம், வரி வராமல் போனது மறுபக்கம். செலவைத் தொடாவிட்டாலும் வரவு சரிந்தாலே விதி உடைந்துவிடும்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பன் பாலம் சிதைந்தது. 46 நாளில் பாலத்தைச் சீரமைத்தார்கள். புயலுக்கு நிதியாண்டு தெரியாது.

12. இந்த விதி வந்தா இலவசம் எல்லாம் நிக்கும்ல?

விதி மொத்தத்தைத்தான் கட்டும். எதை வெட்டுவது என்பதை ஆள்பவர்தான் முடிவு செய்வார். போடாத சாலைக்காக யாரும் மறியல் செய்ய மாட்டார்கள், கட்டாத துறைமுகத்துக்கு வாக்கு கிடையாது. எனவே முதலில் வெட்டுப்படுவது முதலீட்டுச் செலவு. அல்லது டீசல் வரி ஏறும்.

பெரிய நிறுவனங்களுக்குக் கொடுக்கும் வரிச் சலுகை செலவுக் கணக்கிலேயே வராது, வராத வரவாகப் போய்விடும். இலவசம் என்று நீங்கள் சொல்வதை நிறுத்தப் போய், வேறொருவரின் இலவசத்தை மறைத்துவிடக் கூடாது.

13. பாலம் முதலீடு, டீச்சர் சம்பளம் செலவுங்கிறீங்க. பிள்ளைக்குப் படிப்பு சொல்லிக் கொடுக்கிறது முதலீடு இல்லையா?

இதைக் கேட்டது ஓர் அங்கன்வாடிப் பணியாளர். நியாயமான அடி. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. 108 ஆண்டு. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு 550 கோடிக்கு மேல் ஆனது. இதை ஒரே ஆண்டு வரியிலிருந்து கொடுக்கச் சொன்னால், இனி இரண்டு மூன்று தலைமுறை போகப்போகும் பாலத்துக்கு ஒரு தலைமுறை மட்டும் பணம் கட்டுகிறது. கடன் வாங்கிக் கட்டினால் போகிறவர்கள் பகிர்ந்து கட்டுகிறார்கள். எனவே அது சரி.

ஆனால் கணக்கு விதியில் சத்துணவுக் கூடத்தின் சுவர் முதலீடு, அதற்குள் வேகும் சோறு வருவாய்ச் செலவு. சுவரைவிடச் சோறுதான் பிள்ளையை வளர்க்கிறது. அதனால் "வருவாய்ப் பற்றாக்குறை பூஜ்யம்" என்ற விதியைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு நான் ஆதரிக்க மாட்டேன். அதே சமயம் சம்பளமும் சோறும் ஆண்டுதோறும் வரும் செலவு. ஆண்டுதோறும் வரும் செலவுக்கு ஆண்டுதோறும் வரும் வரி வேண்டும். அதைக் கடனில் ஓட்டினால் ஒருநாள் அடுப்பு அணையும்.

14. விதி கடுமையா இருந்தா கணக்கை மறைக்க மாட்டாங்களா?

மறைப்பார்கள். இதை நான் என் கையால் செய்திருக்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு சங்கத்தில், ஆண்டுக் கணக்கு சமமாக நிற்க வேண்டும் என்பது கட்டளை. மார்ச் கடைசி வாரம் வரும் பில்களை எல்லாம் அலமாரிக்குள் வைக்கச் சொல்வார்கள். ஏப்ரல் பிறந்த பிறகுதான் பதிவேன். ரொக்கப் புத்தகம் அழகாகச் சமமாக இருக்கும். ஐஸ் கட்டி கொடுத்தவர் தன் பணத்துக்கு ஐந்து வாரம் நடந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்றும் உறுத்துகிறது.

நாட்டுக் கணக்கிலும் இது நடந்தது. இந்திய உணவுக் கழகத்துக்கு அரசு கொடுக்க வேண்டிய உணவு மானியத்தை முழுதாகப் பட்ஜெட்டில் காட்டாமல், தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகத்தையே கடன் வாங்க வைத்தார்கள். கடன் கழகத்தின் பெயரில், கட்ட வேண்டியது அரசு. தணிக்கைத் துறைத் தலைவர் இதைச் சுட்டிக்காட்டினார். 2021 பட்ஜெட்டில் அந்தக் கடனைப் பட்ஜெட்டுக்குள் கொண்டுவந்து தீர்த்தார்கள். அது நல்ல வேலை, பாராட்ட வேண்டும். 3 சதவீதம் என்ற சாதாரணச் சட்ட வரம்புக்கே இப்படி என்றால், பூஜ்யம் என்று அரசமைப்பில் எழுதினால் எத்தனை அலமாரி தேவைப்படும்?

15. சரி, மீறினா யார் தண்டிப்பா? கோர்ட்டா?

வேறு யார் இருக்கிறார்கள்? ஜெர்மனியில் என்ன நடந்தது என்று 8-இல் பார்த்தோம். நம் நாட்டில் நாடாளுமன்ற நடைமுறைக்குள் நீதிமன்றம் நுழைவதை 122-ஆவது பிரிவு தடுக்கிறது. அதையும் தாண்டி வழக்கு எடுத்தாலும், தீர்ப்பு வரும்போது அந்த நிதியாண்டு முடிந்திருக்கும். "பட்ஜெட் செல்லாது" என்று தீர்ப்பு வந்தால் எதை வெட்டுவது என்பதை நீதிபதிகள் சொல்வார்களா? தடைக்கால நிவாரணத்தையா, ராணுவத்தையா? அந்த முடிவை நாம் வாக்களித்த ஆள்தான் எடுக்க வேண்டும், அவரைத்தான் நாம் அடுத்த தேர்தலில் கேட்க முடியும்.

16. மாநிலத்துக்கு இப்பவே கட்டு இருக்குல்ல? தமிழ்நாடு இஷ்டத்துக்குக் கடன் வாங்க முடியுமா?

முடியாது. 293-ஆவது பிரிவின்படி மத்திய அரசிடம் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதுக் கடனுக்கு மத்திய அரசின் சம்மதம் வாங்க வேண்டும். மாநில உற்பத்தியில் 3 சதவீதத்தை ஒட்டித்தான் வரம்பு கிடைக்கிறது, மின்துறைச் சீர்திருத்தம் போன்ற நிபந்தனையோடு கொஞ்சம் கூடுதல். தமிழ்நாட்டுக்கும் 2003 முதல் சொந்த நிதிப் பொறுப்புச் சட்டம் உண்டு. இந்த வரம்பை எதிர்த்து கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரல் 1 அன்று இடைக்கால நிவாரணம் மறுக்கப்பட்டு, வழக்கு அரசியல் சாசன அமர்வுக்குப் போனது.

பட்டிமன்றத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை. மத்திய அரசைக் கட்டினால் முதலில் குறைவது மாநிலத்துக்கு வரும் மானியமும் மத்தியத் திட்டப் பங்கும்தான் என்று நான் அஞ்சுகிறேன். 9-இல் சொன்ன 4,500 ரூபாயில் மத்தியப் பங்கும் இருக்கிறது.

17. நம்ம நாட்டுல இப்படி ஒரு திருத்தத்தை நிறைவேத்த மாநிலங்கள் சம்மதம் வேணுமா?

தேர்வுப் பிள்ளைகள் கவனியுங்கள், நிறைய பேர் தவறாக எழுதுவது இது. 368-ஆவது பிரிவின்படி எந்தத் திருத்தத்துக்கும் ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். பாதி மாநிலங்களின் ஒப்புதல் சில பிரிவுகளைத் தொட்டால் மட்டும் தேவை. மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரிக்கும் ஏழாவது அட்டவணைப் பட்டியல்களைத் தொட்டதால் ஜிஎஸ்டி திருத்தத்துக்கு அது தேவைப்பட்டது. கடன் பற்றிய 292, 293 இரண்டும் அந்த வரிசையில் இல்லை. எழுத்துப்படி பார்த்தால் மாநிலங்களைக் கேட்காமலேயே 293-ஐக்கூட இறுக்கலாம். கூட்டாட்சி என்பது, நாடாளுமன்றமும் சிதைக்க முடியாத அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் அடங்கும் என்பதால் அது உச்ச நீதிமன்றத்துக்குப் போகும்.

18. கடனே வேணாம், நோட்டு அடிச்சுக் கொடுத்தா என்ன?

1997 வரை கிட்டத்தட்ட அப்படித்தான். பணம் குறைந்தால் அரசு தற்காலிகப் பத்திரம் எழுதி ரிசர்வ் வங்கியிடம் பணம் வாங்கிக்கொள்ளும். விலைவாசி ஏற இதுவும் ஒரு காரணம். 1997 ஏப்ரல் 1 முதல் அது நின்றது. 2006 ஏப்ரல் முதல் அரசின் கடன் பத்திரத்தை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கவும் நிதிப் பொறுப்புச் சட்டம் தடை போட்டது, அசாதாரண நிலைமை தவிர.

19. நம்ம பேரப்பிள்ளைங்க தலையில கடனை ஏத்துறாங்களே, உங்களுக்குப் பயமா இல்லையா?

இருக்கிறது. 2025-26-இல் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி. 2-இல் சொன்ன 34.96 லட்சம் கோடி வரவோடு வைத்துப் பாருங்கள். வரும் நூறு ரூபாயில் 36 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போகிறது. முதலீட்டுக்கு ஒதுக்கியது 11.21 லட்சம் கோடி, வட்டியைவிடக் குறைவு. இப்படி ஒரு குழு இருந்தால் அதற்குப் புதுக் கடன் கொடுக்க நானே யோசிப்பேன்.

பொருளாதாரம் வட்டியைவிட வேகமாக வளர்ந்தால் கடனின் பங்கு தானாகக் குறையும் என்பார்கள். அது உண்மைதான். வளராத ஆண்டு வரும்போதுதான் சிக்கல். ஆனால் ஒரே ஆண்டில் பூஜ்யமாக்கினால் செலவில் 31 சதவீதத்தை வெட்ட வேண்டும். வட்டியைத் தொட முடியாது, ராணுவத்தை வெட்ட மாட்டார்கள். மீதிக்குத்தான் கத்தி. பேரப்பிள்ளையின் கடனைக் குறைக்கப் போய் அவன் பள்ளிக்கூடத்தைக் குறைத்துவிடுவோம்.

20. சுத்தி வளைக்காம சொல்லுங்கக்கா. நீங்க எந்தப் பக்கம்?

"ஒவ்வோர் ஆண்டும் பூஜ்யம்" என்று அரசமைப்பில் எழுதுவதற்கு நான் எதிர்ப்பு. எண்கள் காலத்துக்குக் காலம் மாறும், அவை சாதாரணச் சட்டத்தில் இருக்கட்டும். 2018-இல் எடுத்துவிட்ட வருவாய்ப் பற்றாக்குறை இலக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஓராண்டுக்கென்று இல்லாமல் ஐந்தாண்டுக் கணக்காக.

அரசமைப்பில் ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்றால் நான் எழுதச் சொல்வது, கணக்கைத் திறந்து வைக்கும் கடமையை. யார் பெயரில் வாங்கினாலும், அரசு கட்டப்போகும் கடன் ஒவ்வொரு ரூபாயும் பட்ஜெட்டில் இருக்க வேண்டும். நிதிப் பொறுப்புச் சட்டத்தை மறுஆய்வு செய்த என்.கே. சிங் குழு 2017-இல் பரிந்துரைத்த, இன்னும் அமைக்கப்படாத நிதி மன்றத்தை, அதாவது அரசின் நிதிக் கணக்கைத் தனியாக நின்று சரிபார்க்கும் அமைப்பை, அமைக்க வேண்டும். இலக்கைத் தவறவிட்டால் ஏன் என்று அந்த மன்றத்தின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அமைச்சர் அவையில் பதில் சொல்ல வேண்டும். தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் பத்துப் பேர் பார்க்கத் திறந்திருந்தால் குழு கெடாது என்பதை நான் 18 ஆண்டாகப் பார்க்கிறேன்.

21. மெயின்ஸ்ல இதை 15 மார்க்குக்குக் கேட்டா உங்க கருத்தையே எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பட்டிமன்றத்தில் திருத்தம் வேண்டும் என்று பேசிய பையனின் வாதத்தை முதலில் முழுதாக எழுதுங்கள். 5, 10, 19 மூன்றும் அவனுக்குச் சாதகமானவை. பிறகு 8, 11, 14. எண்களைப் பட்ஜெட் வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். பிப்ரவரி 1 அன்று "பட்ஜெட் ஒரு பார்வை" என்று சில பக்கங்களில் வெளியிடுவார்கள். 2-இல் சொன்ன இரண்டு பற்றாக்குறையும் அதன் முதல் அட்டவணையிலேயே இருக்கும். அச்செடுத்து நூலகப் பலகையில் ஒட்டுகிறேன், சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் சேர்ந்து படிக்கலாம்.